தவிட்டுக்கு வித்த பிள்ளை

ஜனத்தொகை கணக்கெடுக்கப் போற டீச்சருங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேப்பாங்க, வூட்ல எத்தினி பேருன்னு. நானும் டீச்சரா இருந்த காலத்துல அந்தப் பெரிய நோட்டைத் தூக்கிக்கினு தெருத்தெருவா அலைஞ்சவதான். நான் மட்டும் ரெண்டாவதா ஒண்ணு கேப்பேன். "தவிட்டுக்கு வித்தது ஏதாச்சும் இருக்குதா?" கூட வர்ற சின்னப் பொண்ணுங்க வாயைப் பொத்திக்கினு சிரிக்கும். சிரிச்சிட்டுப் போங்கடின்னு வுட்டுடுவேன். எங்க வூட்டு வாசல்ல அந்தக் கேள்வியைக் கேக்க வேண்டிய அன்னிக்கி யாரும் கேக்கல. கேட்டிருந்தா எங்க அம்மா இன்னும் கொஞ்ச வருஷம் இருந்திருக்கும்.

அப்ப யுத்தம் நடந்துக்கினு இருந்துது. எங்க வூடு செஞ்சியில, கடைத்தெருவுக்குப் பின்னால இருக்கற தெருவுல. நைனா, அம்மா, நான், எனக்குக் கீழ ரெண்டு தம்பி, அப்பால கைக்குழந்தையா இன்னொரு தம்பி. அம்மா பெத்தது எட்டு. நாங்க நாலு பேரு போக மீதி நாலும் மண்ணுக்குள்ள போச்சி. ஒண்ணு பேதியில, ஒண்ணு அம்மையில, ஒண்ணு மாந்தத்துல. ஒண்ணு எதுலன்னே தெரியல, காலையில பால் குடிச்சிது, சாயந்திரம் பொதைச்சிட்டு வந்தாங்க. நாலும் தவழற வயசுல, சிரிக்கக் கத்துக்கினு, ஆளுங்களை அடையாளம் கண்டுக்கினு, அதுக்கப்பால போனதுங்க.

யுத்தம் முடிஞ்ச அப்பால ஒரு ஆபீசரு சந்தை மைதானத்துல நின்னு பேசினாரு. ஜனங்க பெருகிக்கினே போறீங்க, வெளையறது பத்தல, இப்படிப் பெத்துத் தள்ளினா நாடு எப்படி முன்னுக்கு வரும்னு எங்களைப் பாத்துக் கேட்டாரு. சொன்னது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வயிறு எரிஞ்சிது. நாலு போவும்னு தெரிஞ்சிதானய்யா எட்டு பெத்தாங்க. அந்த நாலையும் காப்பாத்திக் குடுத்துட்டு அப்பால வந்து கேளு, ஏன் பெத்தேன்னு. எங்க தெருவுல பொறந்து செத்த புள்ளைங்களை ஒரு ஆபீசரும் வந்து எண்ணல, பொழச்சிக் கெடந்ததுங்களை எண்ணத்தான் நோட்டைத் தூக்கிக்கினு வந்தாங்க.

எங்க நெலத்து கதையும் இதேதான். எங்க தாத்தா கூடப் பொறந்தவங்க அஞ்சு பேரு. அந்த அஞ்சு பேரும் சின்னதுலயே போயிட்டாங்க, அவரு மட்டும் நின்னாரு. அதனால நாலு காணி நெலமும் முழுசா அவரு கைக்கு வந்துது. அவரு வரகு போட்டாரு, கம்பு போட்டாரு, கெணத்தடியில நெல்லு போட்டாரு, கடைக்குப் போவாமயே வருஷம் முழுக்க சாப்புட்டாரு. அவரு புள்ளைங்க நாலு பேரும் பொழச்சிட்டாங்க. பொழச்சதுக்குத் தண்டனையா ஆளுக்கு ஒரு காணிதான் கெடைச்சிது. சாவு இருந்த வரைக்கும் நெலம் முழுசா இருந்துது, உசுரு தங்கின ஒடனே அது துண்டாச்சி. இது எந்த ஊரு நியாயமோ எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

ஒரு காணியில தின்னறதுக்கு வெளைய வெச்சா வரிக்கும் துணிக்கும் எங்க போறது? அதனால நைனா மல்லாட்டை போட்டாரு. வேர்க்கடலையை எங்க பக்கம் அப்படித்தான் சொல்றது. மல்லாட்டையை வித்துட்டு அரிசியைக் கடையில வாங்கிக்கலாம்னு கணக்கு. எங்க தெருவுல பாதிப் பேரு இப்படித்தான் பண்ணாங்க. யுத்தம் வந்துது, கப்பல் நின்னுச்சி, மல்லாட்டையைக் கேக்க ஆளில்ல. ரங்கூன் அரிசியும் நின்னுச்சி. வூட்டுல மூட்டை மூட்டையா மல்லாட்டை, அடுப்புல வெக்க ஒரு ஆழாக்கு அரிசி இல்ல. அப்பதான் கண்ட்ரோல் கடை வந்துது. ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு கார்டு, கார்டுல எத்தினி தலையோ அத்தினி பங்கு. பெரியவங்களுக்கு முழுப் பங்கு, சின்னதுங்களுக்கு அரைப் பங்கு.

இப்ப என் கடைசித் தம்பிக்கு வரேன். அவன் பொறக்கறதுக்கு முன்னாடி அடுத்தடுத்து ரெண்டு போச்சி. அம்மா வயித்துல இவன் இருக்கறப்பவே எல்லாம் பேசி முடிச்சி வெச்சிது. புள்ள நிக்காத வூட்ல இப்படி ஒரு வழக்கம் உண்டு. பொறந்த புள்ளையை வேற வூட்டுக்காரங்களுக்கு ஒரு மொறம் தவிட்டுக்கு வித்துடணும். அப்பால அது நம்ம புள்ள கெடையாது, ஊரான் புள்ள. நாம சும்மா வளக்கறோம். சாவு வந்து இந்த வூட்டுக் கணக்கைப் பாத்தா அதுல அவன் இருக்க மாட்டான், தேடிட்டுத் திரும்பிப் போயிடும். அவ்வளவுதான் அதுல இருக்கற சூட்சுமம்.

வாங்கினது மாதா கோயில் தெருவுல இருந்த வேதக்காரம்மா. ஆறு புள்ளைங்க அவங்களுக்கு, ஆறும் கல்லு மாதிரி நின்னுது. அதனாலதான் அம்மா அவங்களைத் தேடிப் போச்சி. அவங்களுக்கு இதுல நம்பிக்கை இல்ல. "சாமியாரு கேட்டா என்னைக் கோயில் வாசல்ல முட்டி போட வெப்பாரு"ன்னு சிரிச்சாங்க. ஆனா அம்மா மொகத்தைப் பாத்து ஒத்துக்கினாங்க. மொறத்துல தவிடு எடுத்துக்கினு வந்து அம்மா மடியில கொட்டினாங்க, புள்ளையைத் தூக்கிக்கினு பின்வாசல் வழியாப் போயி, தெருவைச் சுத்தி முன்வாசல்ல வந்து, "எம்புள்ளைய ரவ நாளு வளத்துக் குடும்மா"ன்னாங்க. அம்மா கையை நீட்டி வாங்கிச்சி. அஞ்சு வயசு முடிஞ்ச அப்பால மேல்மலையனூரு அம்மன் கோயில் அமாவாசைக்குத் தூக்கிக்கினு போயி மொட்டை போட்டு, அதே அளவு தவிட்டைத் திருப்பிக் குடுத்து மீட்டுக்கணும். அது வரைக்கும் யாரு கேட்டாலும் எம்புள்ளன்னு சொல்லக் கூடாது. ஊரு முன்சீப்பு வெச்சிருக்கற பொறப்பு புஸ்தகத்துலயும் எழுதக் கூடாது. நைனா எழுதல.

அம்மா இதை வெளையாட்டா பண்ணல. நாலு பேரு எதிர்ல அவனைக் கொஞ்சவே கொஞ்சாது. அவன் வுழுந்து அழுதா என்னைப் பாத்து, "அந்த அக்கா புள்ளையைத் தூக்குடி"ன்னு சொல்லும். பால் குடுக்கறப்பகூட மூஞ்சை வேற பக்கம் திருப்பிக்கும். எனக்கு எரிச்சலா இருக்கும். பெத்த புள்ளைய இப்படிப் பாக்கறவ தாயான்னு தோணும். அறிவுகெட்ட கழுதை நான், அப்ப ஒண்ணும் தெரியல.

கார்டுக்குத் தலை எண்ண ஒரு வாத்தியாரு வந்தாரு. நல்ல மத்தியானம், குடை பிடிச்சிக்கினு, கூட வந்த தலையாரி நெலைப்படியில தாரால நெம்பரு போட்டான். தம்பி என் இடுப்புல உக்காந்துக்கினு என் ஜடையைச் சப்பிக்கினு இருந்தான்.

"வூட்ல ஆளு எத்தினி?"

"அஞ்சு"ன்னுச்சி அம்மா.

வாத்தியாரு என் இடுப்பைப் பாத்தாரு. "இது?"

"அது மாதா கோயில் தெரு அக்கா புள்ளதாங்க."

நான் பதிமூணு வயசுப் பொண்ணு. அப்ப அஞ்சாவது வரைக்கும் படிச்சிருந்தேன். அந்த நோட்டுல எழுதினா சோறு வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. அம்மா என்னைப் பாத்த பார்வை அப்படி. வாத்தியாரு அஞ்சுன்னு எழுதிட்டு, அப்படியே மாதா கோயில் தெருவுக்குப் போனாரு. வேதக்காரம்மா தன் ஆறு புள்ளைங்களையும் வரிசையா சொன்னாங்க. அவங்களுக்கென்ன, ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கே எல்லாம் கோயில் புஸ்தகத்துல ஏறியிருக்கும். "இன்னொண்ணு அந்த வூட்ல இருக்குதே உங்க புள்ள"ன்னு வாத்தியாரு கேட்டாரு. "அது அவ பெத்ததுங்க. நான் பூசையில நன்மை வாங்கறவ, பொய் எழுதச் சொல்ல மாட்டேன்"ன்னாங்க. அப்ப அந்த வூட்டுக் கணக்குலயே எழுதியிருப்போம்னு நெனச்சாரோ, வெயில்ல திரும்பி நடக்கச் சோம்பலோ, அவரு மறுபடியும் எங்க வூட்டுக்கு வரல. ஒருத்தி பொய் சொன்னா, ஒருத்தி உண்மை சொன்னா. ரெண்டுக்கும் நடுவுல என் தம்பி எந்தக் கணக்குலயும் இல்லாம போயிட்டான்.

மொதல்ல அது பெருசாத் தெரியல. பால் குடிக்கற புள்ளைக்கு எதுக்குப் பங்கு? ரெண்டு வயசு தாண்டின அப்பாலதான் வந்துது வெனை. அவனுக்குப் பசி அதிகம். அஞ்சு பேரு பங்குல ஆறு வாய். கடையில சில வாரம் அரிசி வரும், சில வாரம் புழுத்த கம்பு வரும், சில வாரம் எதுவும் வராது. நைனாவுக்கு உழைக்கத் தெம்பு வேணும், தம்பிங்க வளர்ற புள்ளைங்க, நான் சமையப் போற பொண்ணு. யாரு பங்கையும் கொறைக்க அம்மாவுக்கு மனசு வரல, தன் பங்கைத் தவிர.

"நீ சாப்டியாம்மா?"ன்னு கேட்டா, "ஆச்சி, ஆச்சி"ன்னும். ஒரு நாளு தண்ணி எடுத்துக்கினு பின்பக்கமா வந்தேன். அம்மா கூழு சட்டியைக் கழுவி, அந்தத் தண்ணியில உப்பைப் போட்டுக் குடிச்சிக்கினு இருந்துது. என்னைப் பாத்ததும் சட்டியைக் கீழ வெச்சிட்டு, சட்டி சரியா வெளக்கலடின்னு என்னையே திட்டிச்சி. நான் கொடத்தை எறக்கி வெச்சிட்டு ஓன்னு அழுதேன். அன்னிக்கே நைனாகிட்ட சொன்னேன்.

நைனா அடுத்த நாளே எங்களை ஆபீசுக்குக் கூட்டிக்கினு போனாரு. அம்மா, நான், என் இடுப்புல தம்பி. ஆபீஸ்ல இருந்த குமாஸ்தா கெட்ட மனுஷன் இல்ல. நிதானமாக் கேட்டாரு. முன்சீப்பு புஸ்தகத்தைப் பாத்தாரு, பொறப்பு இல்ல. வாத்தியாரு நோட்டைப் பாத்தாரு, பேரு இல்ல. யுத்த காலத்துல ஊரே வந்து, இல்லாத புள்ளைக்கெல்லாம் பங்கு கேட்டுது, அவரு சந்தேகப்பட்டதுல தப்பு சொல்ல முடியாது.

"புள்ள உங்களுதா?"ன்னாரு நைனாவைப் பாத்து.

"எங்களுதுதாங்க."

"அந்தம்மா சொல்லட்டும்."

அம்மா தரையைப் பாத்துக்கினு நின்னுச்சி. தம்பி என் இடுப்புல இருந்து சாஞ்சி அம்மா முந்தானையைப் புடிச்சி இழுத்தான். நைனா "சொல்லு"ன்னாரு. குமாஸ்தா "ஆமாம்னு சொல்லும்மா, எழுதிக்கறேன்"ன்னாரு. பேனாவை மசியில தொட்டுக்கூட வெச்சிட்டாரு.

"இல்லீங்க. நான் அவனைத் தவிட்டுக்கு வித்துட்டேன்"ன்னுச்சி அம்மா.

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தன் "இப்ப தவிடு இன்னா வெலை?"ன்னு கேட்டான். குமாஸ்தா சிரிக்கல. தாய் தன் பிள்ளை அல்ல என்கிறாள்னு ஒரு வரி எழுதிட்டு நோட்டை மூடினாரு. தொட்ட மசி வீண் போவல.

நைனா முன்னாடி வெறுவெறுன்னு நடந்துட்டாரு. வூட்டுக்கு வந்த அப்பால நடு வூட்ல நின்னுக்கினு கத்தினாரு. "ஒரு வார்த்தை. ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு இன்னாடி கேடு?"

அம்மா அடுப்பைப் பாத்து உக்காந்துக்கினு மெதுவா சொல்லிச்சி. "நாலு தடவை ஆமாம்னு சொன்னேன். நாலும் எங்க இருக்குது, காட்டு."

நைனா துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கினு வெளிய போயிட்டாரு. அவ்வளவு படிச்சி, அத்தினி வூடு ஏறி எறங்கி, இன்னிக்கும் என்கிட்ட அதுக்குப் பதில் கெடையாது. மூடத்தனம்னு சொல்லிட்டுப் போறது சுளுவு. மருந்து எங்கன்னு கேட்டா யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரியும் நல்ல தண்ணியும் இருக்கற எடத்துல எவ புள்ளையைத் தவிட்டுக்கு விப்பா?

விஷயம் தெரிஞ்சி வேதக்காரம்மா ஓடி வந்தாங்க. "தவிட்டை இப்பவே குடு தங்கச்சி, இப்பவே மீட்டுக்கோ"ன்னு கெஞ்சினாங்க. அம்மா அசையல. "அப்ப நானே போயி எம்புள்ளன்னு பொய் சொல்லிடறேன், பாவம் வந்தா வரட்டும்"னு அவங்க ஆபீசுக்கே போனாங்க. போன தடவை இல்லன்னீங்களே, இப்ப எப்படி ஆமாம்னு ஆச்சுன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பால அவங்களால முடிஞ்சது, கேழ்வரகு மாவு இருந்தா ஒரு கை கொண்டாந்து தம்பி கையில குடுப்பாங்க. "எம்புள்ளைக்கு நான் குடுக்கறேன், உனக்கு இன்னா"ன்னு அம்மாகிட்ட சண்டை போடுவாங்க. அந்த ஒரு சண்டையில மட்டும் அம்மா சிரிச்சி நான் பாத்திருக்கேன்.

தம்பிக்கு நாலு வயசு முடிஞ்சிது. அந்த மழைக்கு எங்க தெரு முழுக்க குளிர் ஜுரம். எல்லா வூட்லயும் ஒருத்தரோ ரெண்டு பேரோ கோணியைப் போத்திக்கினு நடுங்கினாங்க. நானும் படுத்தேன், பெரிய தம்பியும் படுத்தான். பத்து நாள்ல எழுந்துக்கினோம். அம்மா எழுந்துக்கல. ஜுரத்துல போயிடுச்சின்னு ஊரு சொல்லிச்சி. எல்லாருக்கும் வந்த ஜுரம்தான் அது. எழுந்துக்க ஒடம்புல ஏதாச்சும் இருந்திருக்கணும். ரெண்டு வருஷமா சட்டி கழுவின தண்ணியைக் குடிச்ச ஒடம்புல இன்னா இருக்கும்?

கடைசி நாளு என் கையைப் புடிச்சிக்கினு, "இன்னும் ஒரு வருஷம்கூட இல்லடி, அது வரைக்கும் சொல்லிடாத"ன்னுச்சி. நான் சரின்னேன்.

நைனா அம்மா செத்ததைக் கண்ட்ரோல் கடையில சொல்லல. கார்டு அப்படியே இருந்துது, அஞ்சு தலை. இப்ப வூட்லயும் அஞ்சு தலை. அம்மாவோட முழுப் பங்கு தம்பி வயித்துக்குப் போச்சி. மூணு வருஷமா வராத கணக்கு அம்மா போன அன்னிக்கி சரியாப் பொருந்திச்சி. உசுரோட இருந்தப்ப குடுத்ததைத்தான் அம்மா செத்த அப்பாலும் குடுத்துக்கினு இருந்துது. முன்ன அவ வயித்துல இருந்து எடுத்துக் குடுக்கணும், இப்ப அந்தச் சிரமம் இல்ல.

யுத்தம் முடிஞ்சிது. செத்தவங்க பேருல அரிசி வாங்கறாங்கன்னு புகாரு போயி, ஒரு புது ஆபீசரு வூடு வூடா கார்டைச் சரிபாத்துக்கினு வந்தாரு. நைனா நெலத்துல இருந்தாரு. நான் கார்டைக் குடுத்தேன். தம்பிங்க மூணு பேரும் என் பின்னால நின்னாங்க. ஆபீசரு கார்டுல இருந்த பேரை ஒவ்வொண்ணாப் படிச்சாரு. அம்மா பேரு வந்துது. "எங்க, கூப்புடு"ன்னாரு.

சின்னவன் என் பாவாடையைப் புடிச்சிக்கினு அவரையே பாத்துக்கினு இருந்தான். ஆபீசரு கையில இருந்த பழைய நோட்டைப் பொரட்டினாரு. "இவனைப் பத்தி இங்க ஒரு வரி இருக்குதே. தாய் தன் பிள்ளை அல்ல என்கிறாள். யாரு புள்ள இவன்?"

அம்மா தண்ணி எடுக்கப் போயிருக்குதுன்னு சொல்லியிருக்கலாம். நைனாவா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பாரு. அஞ்சு வயசு முடிய இன்னும் ஏழு மாசம் இருந்துது. அம்மாகிட்ட நான் குடுத்த வாக்கும் இருந்துது. ஆனா அந்த வரியை அவரு வாயால கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சி. எவளோ ஒருத்தி பெத்த புள்ளையை வேணான்னு தள்ளிட்ட மாதிரி அதைப் படிக்கிறாரு. அம்மா எதைத் தின்னுச்சி, எதைத் தின்னாம வுட்டுதுன்னு அந்த நோட்டுக்குத் தெரியுமா?

"எங்க அம்மா பெத்த புள்ளதாங்க. எங்க அம்மா செத்துப்போச்சிங்க"ன்னேன்.

ஆபீசரு பேனாவை எடுத்தாரு. அம்மா பேரு மேல ஒரு கோடு போட்டாரு. அதுக்குக் கீழ தம்பி பேரை எழுதினாரு. நோட்டுல அப்படி ஒரு வரி இருந்ததால, அவன் யாரு மகன்னும் சேத்து எழுதினாரு. அப்பால, "சின்னவன், அரைப் பங்குதான்"னு சொல்லிட்டு அடுத்த வூட்டுக்குப் போயிட்டாரு. உண்மை சொன்னதுக்கு எங்களுக்கு அரைப் பங்கு கொறைஞ்சிது.

அந்த ஏழு மாசமும் நான் தூங்கினதா ஞாபகம் இல்ல. அவன் தும்மினா எழுந்து நெத்தியைத் தொட்டுப் பாப்பேன். இருமினா அம்மா மொகம்தான் வந்து நிக்கும். அவனுக்கு ஒண்ணும் ஆவல. தவிட்டைத் திருப்பிக் குடுத்தோம், மேல்மலையனூர்ல மொட்டை போட்டோம். வேதக்காரம்மா தவிட்டை வாங்கிக்கினு எங்க அம்மா பேரைச் சொல்லி அழுதாங்க. இன்னிக்கி அவனுக்குப் பேரப்புள்ளைங்க இருக்குது. தடுப்பூசி போட்ட புள்ளைங்க, ஒண்ணுகூட போவல.

ஆபீசரு கார்டைப் பாத்துட்டுப் போன அன்னிக்கி சாயந்திரம், நைனா நெலத்துல இருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அடிப்பாருன்னு செவுத்தோரமா நின்னுக்கினேன். "அரைப் பங்கு போச்சேடி"ன்னாரு. அப்பால கார்டைக் கேட்டாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு கையாலயும் புடிச்சி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இதுல உங்க அம்மா பேரு எதுடி?"

ரெண்டு எடத்துல வெரலை வெச்சிக் காட்டினேன். ஒண்ணு கோடு போட்டு அடிச்சது. ஒண்ணு அதுக்குக் கீழ, தம்பி பேருக்குப் பக்கத்துல, இன்னாரு மகன்னு எழுதினது.

"ரெண்டும்தான் நைனா"ன்னேன்.